83 என்பது மார்க் அல்ல

ஏழு வயதுப் பையன் ஒருவன் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வியபடி உட்கார்ந்திருக்கிறான். எதிரே திரையில் மெழுகுவத்திகள் எரிகின்றன. "நல்லா இழு, இன்னும், இன்னும்... இப்ப ஊது, ஊது, ஊது, விடாதே!" என்று கத்திக் கத்தி, பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனுக்கே மூச்சு வாங்குகிறது. மூன்றாவது தடவை எல்லா மெழுகுவத்தியும் அணைந்துவிட்டது. வெளியே வந்த தாளில் 83% என்று இருக்கிறது. அம்மாவுக்கு முகம் வாடிவிடுகிறது. மீதி 17 எங்கே போனது?

எங்கும் போகவில்லை. நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறது என்று அளக்கும் இந்த ஸ்பைரோமெட்ரி சோதனையில் 100 என்பது முழு மார்க் கிடையாது. அதே உயரம், அதே வயது, அதே பாலினத்தில் நோயில்லாத பிள்ளைகள் நடுவாந்தரமாக ஊதும் அளவுதான் 100. அப்படியென்றால் ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப் பேர் நூறுக்குக் கீழேதான் இருப்பார்கள்.

கருவி அளப்பது முக்கியமாக இரண்டை. நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை முழுக்க வெளியே தள்ளினால் எவ்வளவு காற்று வருகிறது என்பது எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு விநாடிக்குள் வருவது எஃப்.இ.வி.1. இரண்டுமே லிட்டர் கணக்கு. 1.25 லிட்டர் என்று மட்டும் சொன்னால் அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தன் ஸ்பைரோமீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்துப் பார்த்து, ஆள் உயரமாக ஆக இந்த அளவும் ஏறுவதைக் கண்டார். இன்றைக்கும் கணக்கின் முதுகெலும்பு உயரம்தான்.

உயரம் கூடுகிற விகிதத்திலேயே நுரையீரல் கொள்ளளவு கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. உயரம் ஒரு சதவீதம் ஏறினால் எஃப்.வி.சி. ஏறத்தாழ இரண்டரை சதவீதம் ஏறும். இதனால் வரும் வம்பைப் பாருங்கள். நம் பையனின் உண்மையான உயரம் 120 செ.மீ. ஷூவைக் கழற்றாமல் அளந்து 122 என்று எழுதிவிட்டார்கள். கருவி 122 செ.மீ. பிள்ளைக்கு உரிய அளவை அவனிடம் எதிர்பார்க்கும். ஊதிய காற்று அதேதான், ஆனால் 83% சரிந்து 80-க்குச் சற்றுக் கீழே போய்விடும். நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறு காலடியில். முதுகுத்தண்டு வளைந்த பிள்ளைகளுக்கு உயரமே சரியான அளவாக இருக்காது. கைகளை விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளப்பார்கள். வயதையும் 'ஏழு' என்று முழு எண்ணாகப் போடாமல், பிறந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் பெரிய இடைவெளி.

பெரியவர்களுக்கான கோடுகளைப் பிள்ளைகள் மேல் போட்டால் என்ன ஆகும்? மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் அடைப்பு என்பது பெரியவர்களுக்குப் பழகிப்போன விதி. சிறு பிள்ளைகளுக்கோ நுரையீரலின் அளவோடு பார்த்தால் மூச்சுக்குழாய்கள் அகலம். அதனால் காற்று 'புஸ்' என்று வெளியேறிவிடும். ஐந்து வயதில் 90 சதவீதம் முதல் விநாடியிலேயே வருவது சகஜம். சிலர் ஒரு விநாடிக்கு முன்பே ஊதி முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு முக்கால் விநாடி அளவைப் பார்க்கிறார்கள். ஆகவே ஏழு வயதில் 74 சதவீதம் என்று வந்தால், பெரியவர்களின் விதி 'பாஸ்' என்று சொல்லிவிடும். உண்மையில் அது ஆஸ்துமாவாக இருக்கலாமா என்று பார்க்கவேண்டிய எண்.

பருவ வயது இன்னொரு குழப்பம். முதலில் கால் நீள்கிறது, பிறகுதான் மார்புக்கூடு விரிகிறது. திடீரென்று நெட்டையான பையனின் நுரையீரல் அந்த உயரத்தை எட்டிப்பிடிக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். வயதைச் சேர்க்காமல் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இடைவெளி நோய் மாதிரித் தெரியும்.

முன்பு பிள்ளைகளுக்கு ஒரு சமன்பாடு, பெரியவர்களுக்கு வேறொன்று. 18 வயதில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது, ஒரே ஆளின் சதவீதம் ஒரே நாளில் குதிக்கும். 2012-இல் குளோபல் லங் ஃபங்ஷன் இனிஷியேட்டிவ் என்ற சர்வதேச ஆய்வுக் குழு இதற்கு முடிவு கட்டியது. 26 நாடுகளைச் சேர்ந்த, புகைபிடிக்காத, ஆரோக்கியமான 74,187 பேரின் அளவுகளிலிருந்து 3 வயது முதல் 95 வயது வரை முறியாமல் ஓடும் ஒரே வளைகோட்டை வரைந்தார்கள். நடுமதிப்பு மட்டுமல்ல, அதைச் சுற்றி ஆட்கள் எவ்வளவு பரந்து கிடக்கிறார்கள் என்பதும் அதில் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவதுதான். பரவல் வயதுக்கு வயது மாறும்போது, '80-க்குக் கீழே என்றால் குறைபாடு' என்று எல்லாருக்கும் ஒரே கோடு போடுவதில் அர்த்தமில்லை. இப்போது பார்க்கவேண்டியது இசட் ஸ்கோர், அதாவது அந்தப் பரவலை வைத்துப் பார்த்தால் ஒருவர் நடுமதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று சொல்லும் எண்; நடுமதிப்புக்குக் கீழே போனால் மைனஸ். அது மைனஸ் 1.645-க்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே நோயே இல்லாத பிள்ளைகளிலும் இருபதில் ஒருவர் இருப்பார்.

அந்த 2012 கணக்கு மக்களை நான்கு இனக்குழுக்களாகப் பிரித்து, மற்றவர்களை ஐந்தாவதாக ஒரு பொதுக்கூடையில் போட்டது. எந்தக் கூடை என்பதைப் பொறுத்து, ஊதிய காற்று மாறாமலே சதவீதம் மாறும். ஒரு குழுவில் வறுமையாலோ புகையாலோ குறைந்த அளவை 'அவர்களுக்கு அதுதான் இயல்பு' என்று எழுதிவைக்கும் ஆபத்தும் இருந்தது. பிறகு இனம் பார்க்காத ஒரே சமன்பாடு வந்தது. 2023-இல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி என்ற நுரையீரல் மருத்துவ அமைப்பு இனம் சாராத சமன்பாடுகளையே பரிந்துரைத்தது. எனவே பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே சமன்பாட்டில் போட்டவையா என்று பார்ப்பது நல்லது.

நம் பையன் அடுத்த வருடம் மறுபடி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். போன தடவை 1.25 லிட்டர், இப்போது 1.32. கூடியிருக்கிறதே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் பையன் 6 செ.மீ. வளர்ந்துவிட்டான், போன வருடத்து இடத்திலேயே அவன் நிற்க 1.4 லிட்டராவது ஊதியிருக்க வேண்டும். லிட்டர் ஏறியும் இசட் ஸ்கோர் இறங்கியிருக்கும். உடனே பதறவும் வேண்டாம், அன்றைக்கு அவன் ஒழுங்காக ஊதாமலும் இருந்திருக்கலாம். டெக்னீஷியன் ஷூவைக் கழற்றச் சொல்லி, உயரத்தை இன்னொரு தடவை அளந்துவிட்டு, கிளிப்பை மறுபடி மாட்டுகிறார்.