தலைமடைக்காரர் ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார்?

பாலித் தீவில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதைக் கோயிலில் கூடி முடிவு செய்கிறார்களாமே, இது மூடநம்பிக்கை இல்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1970களில் இந்தோனேசிய அரசின் எண்ணமும் இதிலிருந்து அதிகம் விலகியதல்ல. பசுமைப் புரட்சியின் புதிய நெல் ரகங்களைக் கொடுத்து, கோயில் முறைக்குக் காத்திராமல் இயன்றபோதெல்லாம் நடவு செய்யுமாறு அது உழவர்களைத் தூண்டியது. சில ஆண்டுகளுக்குள் தண்ணீர்த் தகராறும், புகையான் என்னும் பூச்சியும், துங்ரோ என்னும் நெற்பயிர் நோயும் வயல்களைச் சூழ்ந்தன.

அத்தீவில் நெடுங்காலம் தங்கி, 'சுபக்' எனப்படும் பாசனச் சங்கங்களின் கூட்டங்களையும் சடங்குகளையும் கவனித்த அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங், இதன் காரணத்தைத் தேடினார்.

புகையானுக்கு நெற்பயிர்தான் உணவும் உறைவிடமும். அடுத்தடுத்த வயல்கள் ஒரே சமயத்தில் அறுவடையாகி, ஒரே சமயத்தில் நீர் தேங்கியோ தரிசாகவோ கிடந்தால், அதற்குப் போக்கிடமின்றிப் பெருக்கம் சரிகிறது. பக்கத்தில் ஒரு வயல் பச்சையாக இருந்தாலும் அங்கே தாவி, அடுத்த நடவுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே பெரும்பரப்பில் ஒன்றாக நடுவதே நல்லது. ஆனால் அப்படி நட்டால் சேற்றுழவுக்கு எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வேண்டும், வாய்க்கால் தாங்காது. ஒன்றாக நடுவோரின் குழு பெரிதானால் தண்ணீர் போதாது, சிறிதானால் பூச்சி மிஞ்சும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தலைமடைக்காரரின் நிலை. தண்ணீர் முதலில் அவர் வயலுக்குத்தான் வருகிறது; வேண்டிய அளவு எடுத்துக்கொண்டால் தட்டிக்கேட்க ஆளில்லை. ஆயினும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போதாமல் அவர் ஒரு மாதம் தாமதமாக நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலேறி வரும். அந்தச் சேதம் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் வரும் இழப்பைவிடப் பெரிதாக இருக்கும்வரை, விட்டுக்கொடுப்பதே தலைமடைக்காரருக்கு ஆதாயம். இங்கே நடுவராக நிற்பது பூச்சி.

சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, இரண்டு ஆறுகளின் கரைகளில் உள்ள 172 சுபக்குகளைக் கணினி மாதிரியாக்கினார் லான்சிங். ஒவ்வொரு சுபக்கும் முதலில் மனம்போன நாளில் நடும். பிறகு தன் அண்டையாரில் யார் விளைச்சல் அதிகமோ அவரது நடவு முறையைப் பின்பற்றும். கட்டளையிட எவருமில்லாத அந்த மாதிரியில், ஒன்றாக நடும் குழுக்கள் தாமாகவே உருவாயின. சுபக்குகள் கூடி நடவு நாளை முடிவு செய்யும் உண்மையான நீர்க்கோயில்களின் வலையமைப்பை அவை நெருங்கி ஒத்திருந்தன.

ஆகவே வாசகருக்கு என் பதில்: பாலி உழவர்கள் வணங்கும் பாத்தூர் ஏரியின் தேவிதான் தண்ணீர் தருகிறாள் என்பதை அறிவியல் நிறுவவில்லை, அவள் பெயரால் கூடும் கூட்டத்தில் நடவு நாள் ஒத்துப்போவதைத்தான் அளந்து பார்க்க முடிந்தது. "முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்" என்போருக்கும் இதில் ஆறுதல் இல்லை, ஏனெனில் முழுக் கணக்கும் எவர் தலையிலும் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதையே மாதிரி காட்டுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவு கேட்கும் இன்றைய நிதிநல்கை முறையில், நெடுங்காலம் தங்கிச் செய்த இப்படியொரு ஆய்வு பிழைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

பாலியின் பாசனத் திட்டத்துக்குக் கடன் அளித்த ஆசிய வளர்ச்சி வங்கி, கோயில் முறையை ஒதுக்கியது எதிர்விளைவையே தந்தது என்று பின்னாளில் தன் மதிப்பீட்டிலேயே ஒப்புக்கொண்டது. 2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதற்குப் பிறகும் சுற்றுலா விடுதிகளுக்காக வயல்கள் கைமாறுகின்றன. நடுவில் ஒரு வயல் கட்டடமாகி வாய்க்கால் அறுந்தால், அதற்குக் கீழே இருப்பவர் தம் சுபக்குடன் ஒரே நாளில் நட முடியாது.