கோல்டெண்டர்: காவலரா, காப்பாளரா, ஓம்புநரா?

ஐஸ் ஹாக்கியில் வலைக்கு முன்னால் நின்று, எதிரணியினர் அடிக்கும் வட்டு உள்ளே போய்விடாமல் தடுப்பவரை வட அமெரிக்காவில் ‘கோல்டெண்டர்’ என்கிறார்கள். செல்லமாகக் ‘கோலி’. கால்பந்தில் நாம் அறிந்த கோல்கீப்பருக்கு இவர் ஏறத்தாழ உடன்பிறப்பு என்றாலும் வேலையின் அளவுகள் வேறு. கால்பந்துக் கோல்கீப்பர் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள இடத்தைக் காக்கிறார். ஐஸ் ஹாக்கியில் அது 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். ஆனால் வருவது பந்தல்ல. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. எடை 156 முதல் 170 கிராம் வரை. பனித்தரையில் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்திருப்பார்கள். வலுவான அடியில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் இந்த வட்டை, தொழில்முறை ஆட்டமொன்றில் ஒருவர் ஏறத்தாழ முப்பது முறை எதிர்கொள்கிறார்.

இச்சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் முதலில் கண்ணில் படுவது ‘டெண்டர்’. நமக்கு டெண்டர் என்றால் பொதுப்பணித்துறை, ஒப்பந்தப்புள்ளி, மூடி முத்திரையிட்ட உறை. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் மூலத்தில் உறவுள்ளவைதான். ‘நீட்டுதல், இழுத்து விரித்தல்’ என்று பொருள்படும் ‘டெண்டெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்தே இரண்டும் வருகின்றன. விலையை எழுதி முன்னால் நீட்டினால் அது ஒப்பந்த டெண்டர். மனத்தை ஒன்றின் பக்கம் நீட்டுவது ‘அட்டெண்டெரே’. அது ஃபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அட்டெண்ட்’ ஆயிற்று. அதன் தலையெழுத்து தேய்ந்து ‘டெண்ட்’ ஆனது: கவனித்துக்கொள், பார்த்துக்கொள், பராமரி. ஆட்டு மந்தையையும் அடுப்புத் தீயையும் நோயாளியையும் பார்த்துக்கொள்வதற்கெல்லாம் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினை போதும். மதுக்கூடத்தில் ஊற்றிக் கொடுப்பவர் பார்டெண்டர் என்பதும் இந்த வழியில்தான். இளநீரைக் குறிக்கும் ‘டெண்டர் கோகனட்’ மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது மென்மையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

முன்பாதியான ‘கோல்’ என்பதன் பிறப்பு ஆங்கில அகராதிக்காரர்களுக்கே தெளிவில்லாத ஒன்று. எல்லை, முடிவிடம் என்ற பொருளில் பழைய ஆங்கிலப் பாடல் ஒன்றில் தென்படுகிறது. பந்தயத்தின் முடிவுக் கம்பம், பந்து போய்ச் சேர வேண்டிய இடம், அப்படிச் சேர்வதால் கிடைக்கும் புள்ளி, வாழ்க்கையின் குறிக்கோள் என்று பின்னால் விரிந்தது. ஆக, கோல்டெண்டர் என்றால் நேர்ப்பொருளில் ‘எல்லையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர்’. தடுப்பு, மறிப்பு, போர் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. என்னை இந்தச் சொல்லின் பக்கம் ஈர்த்தது அந்த இல்லாமைதான்.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீகின் விதிநூல் இவரை ‘கோல்கீப்பர்’ என்றே குறிப்பிடுகிறது. வர்ணனையாளரும் ரசிகரும் எழுத்தாளரும்தான் கோல்டெண்டர் என்கிறார்கள். இதே சொல் கூடைப்பந்தில் ஒரு குற்றத்தின் பெயர்: வளையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் பந்தைக் கைநீட்டித் தட்டிவிடுவது அங்கே ‘கோல்டெண்டிங்’. பனியில் பிழைப்பாக இருப்பது மரத்தரையில் தவறாகிவிடுகிறது.

பனியாட்டம் ஆடும் பிற நாட்டார் என்ன சொல்கிறார்கள்? கியூபெக்கின் ஃபிரெஞ்சில் ‘கார்தியன் த பூ’, அதாவது இலக்கின் காவலர். சுவீடனில் ‘மோல்வக்த்’ என்பதும் பொருளில் அதுவே. ஜெர்மனியர், செக் மக்கள், ரஷ்யர் மூவரும் இலக்கைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். ஜெர்மன் ‘டோர்’ என்பது கதவு, வாயில். அதைக் காப்பவர் ‘டோர்ஹூட்டர்’. அதன் பின்பாதி ஆடு மாடு மேய்ப்பதற்கும் வரும் வினை என்பதால் ‘டெண்ட்’ என்பதற்கு மிக நெருக்கமானது. செக் மொழியில் ‘பிராங்காஷ்’, சிறு வாயிலுக்கு உரியவர். ரஷ்ய மொழியின் ‘விரதார்’ விளையாட்டுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதல்ல, கோட்டையிலும் மடத்திலும் நின்ற வாயில்காப்போனைக் குறித்த பழஞ்சொல். தமிழில் அதற்கு நேரான சொல் ‘வாயிலோன்’. பாண்டியன் அரண்மனை வாசலில் கண்ணகி ‘வாயிலோயே’ என்று விளித்தது அவனைத்தான்.

தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் ‘பார்த்துக்கொள்பவர்’ என்ற பொருள் எவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும். 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் நடந்ததுதான் உள்ளரங்கில் ஆடிய முதல் முறையான ஆட்டம் என்பார்கள். அப்போது வலையே கிடையாது, இரண்டு கம்பங்கள் மட்டும். காப்பவர் நின்றுகொண்டேதான் தடுக்க வேண்டும், வேண்டுமென்றே பனியில் விழுவது பின்னாளில் விதிமீறலாகவே எழுதி வைக்கப்பட்டது. ஆட்டாவா அணியின் கிளின்ட் பெனடிக்ட் அந்த விதிக்கு ஒரு வழி கண்டார். தற்செயலாக விழுந்தவர் போலவும் மண்டியிட்டு வழிபடுபவர் போலவும் நடித்து வட்டை மறித்துக்கொண்டே இருந்தார். நடுவர்கள் சலித்துப்போக, 1918 ஜனவரியில் லீக் விதியையே தளர்த்தியது. இன்று இரு முழங்காலும் தரையில் படிய, கால்காப்புகளை இருபுறமும் சிறகாக விரிக்கும் ‘பட்டாம்பூச்சி’ பாணி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அது அந்தத் தளர்வின் பேரப்பிள்ளை. அந்தப் பாணியைத் தொடங்கியவர்களில் கிளென் ஹாலைச் சொல்வார்கள். 1980களிலும் 90களிலும் பரப்பியவர் பாட்ரிக் ரூவா.

ஹாலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1955 முதல் 1962 வரை, டெட்ராய்ட்டுக்கும் பிறகு சிகாகோவுக்கும் தொடர்ந்து 502 லீக் ஆட்டங்கள். ஒன்றில்கூட விடுப்பு இல்லை. அத்தனையும் முகக்கவசம் இல்லாமல். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பது அவர் வழக்கம், அதை அவரே மறைத்ததில்லை. வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்து நின்று, வட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தச் சாதனை இனி எவராலும் முறியடிக்கப்படாது என்று தயங்காமல் எழுதலாம். ஏனென்றால் இப்போது எந்த அணியும் ஒரே ஆளை எல்லா ஆட்டத்திலும் நிறுத்துவதில்லை.

அன்று மாற்று ஆளே இல்லாததன் விலையை ஜாக் பிளான்ட்டின் முகத்தில் பார்க்கலாம். 1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மான்ட்ரியல் காப்பாளர் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தையல் போட்டார்கள். பயிற்சியின்போது தாம் அணிந்துவந்த கண்ணாடியிழை முகக்கவசம் இல்லாமல் திரும்பமாட்டேன் என்றார் பிளான்ட். பயிற்றுநர் டோ பிளேக்குக்கு அது துளியும் பிடிக்காது, கவசம் பார்வையை மறைக்கும், ஆளைக் கோழையாகக் காட்டும் என்பது அக்கால எண்ணம். ஆனால் அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லையே! கவசத்தோடு இறங்கினார், அணி 3–1 என்று வென்றது. அதன்பிறகும் எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. முகம் மூடாத கடைசிக் காப்பாளரை லீக் 1974இல்தான் பார்த்தது. ஒவ்வோர் அணியும் இரண்டு காப்பாளர்களை உடுத்தித் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 1960களின் நடுவில்தான் வந்தது.

கென் டிரைடனின் தொழில்வாழ்க்கை வேறு மாதிரி. 1971இல் வெறும் ஆறு லீக் ஆட்டங்கள் மட்டும் ஆடியிருந்த அவரை மான்ட்ரியல் அணி, பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் இறக்கியது. அணி லீகின் வாகையர் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது, அச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. முதல்நிலைப் புதுமுக விருதோ அதற்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது! புகழின் நடுவில் 1973–74 பருவம் முழுவதும் விலகி, சட்டத் தொழிலுக்கான பயிற்சியை மேற்கொண்டார். திரும்பி வந்து 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். மொத்தம் ஆறு. 31 வயதில் ஓய்வு, பின்னர் கனடா நாடாளுமன்றம், அமைச்சர் பதவி. வட்டு தொலைவில் இருக்கும்போது மட்டையைச் செங்குத்தாக ஊன்றி அதன் முனையில் இரு கைகளையும் மோவாயையும் வைத்து அவர் நிற்கும் படம் கனடாவில் எல்லாருக்கும் தெரியும். மந்தையைப் பார்த்தபடி கோலூன்றி நிற்கும் இடையரைத் தவிர வேறு எவரும் நினைவுக்கு வரமாட்டார்கள். ‘டெண்டர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் படம் போடச் சொன்னால் நான் அதைத்தான் போடுவேன்.

இனி, தமிழ். வழக்கிலும் முன்மொழிவிலும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

‘கோலி’ என்ற சுருக்கத்தைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் ஏற்கெனவே கண்ணாடிக் குண்டுகள் உருண்டுகொண்டிருக்கின்றன, விராட் கோலியும் மட்டையோடு நிற்கிறார். ‘கோல் காப்பாளர்’ கால்பந்துச் செய்திகளில், குறிப்பாக இலங்கைத் தமிழ் ஏடுகளில், நன்றாக ஊன்றிவிட்ட சொல். கால்பந்துக்கு அது போதும். ஹாக்கிக்கு வரும்போதுதான் சிக்கல். ஹாக்கியை நாம் வளைகோல் பந்தாட்டம் என்றும் சொல்கிறோம். அங்கே கோல் என்பது நம்முடைய சொந்தக் கோல்: செங்கோல், எழுதுகோல், ஊன்றுகோல் வரிசையில் வரும் கழி. வளைகோல் ஆட்டத்தில் கோல் காப்பாளர் என்றால் மட்டைகளை எண்ணிப் பூட்டிவைப்பவரோ என்று தோன்றும்.

‘இலக்குக் காவலர்’ என்பது ஃபிரெஞ்சோடு ஒத்துப்போகும் நல்ல ஆக்கம். ஆனால் கிரிக்கெட்டின் விக்கெட்டையும் இலக்கு என்று பெயர்த்து, விக்கெட் கீப்பரை இலக்குக் காப்பாளர் ஆக்கியவர்கள் உண்டு. ஓட்ட இலக்கு வேறு இருக்கிறது. ஒரே விளையாட்டுப் பக்கத்தில் இத்தனை இலக்குகளைத் தாங்க முடியாது. மேலும், தமிழ்நாட்டில் காவலர் என்றதும் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். ‘வாயிற்காப்போன்’ அழகானது, ரஷ்யரும் ஜெர்மனியரும் கைதட்டுவார்கள். எனினும் இன்றைய வாசகர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை நினைத்துக்கொள்வார்.

மூலச்சொல்லின் பொருளுக்கு உண்மையிலேயே நிகரான தமிழ் வினை ஒன்று உண்டு: ஓம்பு. தீ ஓம்பலாம், விருந்தோம்பலாம், உடலோம்பலாம். பேணுவதும் காப்பதும் ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. ஒழுக்கத்தை உயிரைவிட மேலாகக் காக்கச் சொல்லும் குறளிலும் வருவது ‘ஓம்பப்படும்’ என்பதே. ஆசைக்கு ‘ஓம்புநர்’ என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் ‘கடைசி நிமிடத்தில் ஓம்புநர் பாய்ந்து தடுத்தார்’ என்று நாளேட்டில் அச்சாவதை எண்ணினால் எனக்கே சிரிப்பு வருகிறது. உயிருள்ள தொகைச்சொற்களில் வாழும் வினை அது. தனியாக எடுத்து விளையாட்டுப் பக்கத்தில் நிறுத்தினால் பட்டு வேட்டியோடு பனியில் சறுக்குவதாகிவிடும்.

ஆகவே என் தேர்வு ‘வலைக்காப்பாளர்’. பின்பாதி ஏற்கெனவே பழகியது. விடுதிக் காப்பாளர், அருங்காட்சியகக் காப்பாளர் என்று பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவரைக் குறிப்பதால் ‘டெண்ட்’ என்பதன் சாயலும் தங்குகிறது. முன்பாதி கண்ணுக்குத் தெரியும் பொருள், ஆங்கிலத்திலும் ‘நெட்மைண்டர்’ என்ற மாற்றுப்பெயர் உண்டு. இணையம் வந்தபின் வலை என்றால் வலைத்தளம் என்று எடுத்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆட்டத்தின் பெயர் அருகில் இருக்கும்போது எவரும் குழம்பமாட்டார்கள். ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவாக இருப்பது கூடுதல் வசதி. 1992 செப்டம்பரில் தம்பா பே அணிக்காக முன்னோட்ட ஆட்டமொன்றில் இறங்கி, அந்த லீகில் ஆடிய முதல் பெண்ணான மனோன் ரியோமும் வலைக்காப்பாளர்தான்.

உடன்வரும் சொற்கள் சில. வலைக்கு முன்னால் நீலம் பூசிய பகுதி ‘கிரீஸ்’. கிரிக்கெட்டில் அது கோடு, இங்கே பரப்பு, ஆகவே ‘காப்புக்களம்’ எனலாம். கால்களுக்கு இடைப்பட்ட சந்து ‘ஐந்தாம் துளை’: வலையின் நான்கு மூலைகள் முதல் நான்கு. இறுதி நிமிடங்களில் பின்தங்கிய அணி காப்பாளரை வெளியே அழைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு தாக்குநரை இறக்கும். அப்போது விழுவது ‘வெற்றுவலைக் கோல்’. எதிரணியை ஒரு கோலும் போடவிடாமல் முடிப்பது ‘ஷட்அவுட்’. இதில் மார்ட்டின் புரோடரின் 125 என்ற எண்ணிக்கை லீகின் உச்சம். இதற்குச் சுருக்கமான தமிழ் இன்னும் அமையவில்லை, ‘கோல் விடாத ஆட்டம்’ என்று விரித்தே எழுதலாம்.

‘மாற்றுக் காப்பாளர்’ என்பது இருக்கையில் காத்திருக்கும் இரண்டாமவருக்கு. இருவரும் காயப்பட்டால் அரங்கிலேயே தயாராக இருக்கும் ‘அவசரக் காப்பாளர்’ வருவார். 2020 பிப்ரவரி 22 அன்று டொரண்டோவில் கரோலினா அணிக்கு அப்படி நேர்ந்தது. பனித்தரையைச் சீராக்கும் வண்டி ஓட்டுவதில் அனுபவம் பெற்றிருந்த 42 வயது டேவிட் ஏயர்ஸ் உள்ளே வந்தார். முதல் இரண்டு அடிகளும் கோலாயின. அடுத்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6–3 என்று வென்றது, வெற்றி அவர் பெயரிலேயே பதிவாயிற்று.