டென்ஷன்: துணியோடு வந்த சொல்

தையல்காரர் "டென்ஷன் ஜாஸ்தியா இருக்கு" என்றால் அவருக்கு மனசு சரியில்லை என்று நினைக்க வேண்டாம். மெஷினில் மேல்நூலை நெருக்கிப் பிடிக்கிற தட்டுகளையும் அதன் திருகையும்தான் சொல்கிறார்.

லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுத்து விரிப்பது. கூடாரத்துக்கு டென்ட் என்று பேர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். இங்கிலாந்தில் அலசிய கம்பளித் துணி சுருங்காமல் காய, அதன் ஓரங்களைக் கொக்கிகளில் மாட்டி இழுத்து வைக்கும் மரச்சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். தவிப்போடு காத்திருப்பவரை அந்தக் கொக்கிகளில் மாட்டியிருப்பதாக இன்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆக, மனசைப் பற்றிய பேச்சுக்கும் துணிச் சட்டம் உதவியிருக்கிறது.

கண் கண்ணாக நெய்த துணியில் நூலால் நிரப்பிப் படம் போடும் கேன்வாஸ் பூத்தையலில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. (கேன்வாஸ் என்ற பேரே கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரான 'கன்னாபிஸ்' வழியாக வந்தது, முன்பு அந்த நாரில் நெய்தார்கள். இப்போது பெரும்பாலும் பருத்தி.) ஒன்று, துணி சட்டத்தில் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது. இன்னொன்று, கை நூலை எவ்வளவு இழுக்கிறது என்பது.

இரண்டாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அங்குலத்துக்கு 14 கண் உள்ள கேன்வாஸில், சட்டம் இல்லாமல் கையில் பிடித்தபடியே, உல்லன் நூலால் ஒரு கிளி போட்டேன். அழுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தையலையும் சுண்டிச் சுண்டி இழுத்தேன். எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்தவை, அத்தனையும் துணியை ஒரே மூலைக்கு இழுத்தன. முடித்துப் பார்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிட்டது, கிளி காற்றில் சாய்ந்த மாதிரி நிற்கிறது. போதாக்குறைக்கு நூல் மெலிந்து இடையிடையே வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது. தளர்வாக விட்டிருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. கண்ணிகள் தூக்கிக்கொண்டு வளையலில் மாட்டும். நூல் கண்ணை நிரப்பி, ஆனால் துணியை அசைக்காமல் உட்கார வேண்டும். மூலைவிட்டமாக ஏறி இறங்கிப் போடும் கூடைப்பின்னல் தையலில் பின்பக்கம் பாய் மாதிரி பின்னிக்கொள்வதால் கோணல் குறைவு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இயற்பியல் பாடத்தில் 'இழுவிசை' இருக்கிறது. சரியான சொல்தான், ஆனால் ஊசி பிடித்த கைக்கு அது வகுப்பறை வாசனை அடிக்கிறது. 'இறுக்கம்' கூடிப்போன நிலையை மட்டும் காட்டும், அளவைக் காட்டாது. என் ஓட்டு, நூலுக்கு 'இழுப்பு'. "இழுப்பு கூடிப்போச்சு" என்றால் யாருக்கும் புரியும். சட்டத்தில் துணியைக் கட்டுவதற்கு 'விசிப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன். சங்க நூலான மலைபடுகடாத்தில் "திண் வார் விசித்த முழவொடு" என்று வருகிறது: வாரால் இறுகக் கட்டிய முழவு என்ற தோல்வாத்தியம். சட்டத்துத் துணியை விரலால் தட்டி, மத்தளம் போல் ஒலிக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

இதேபோல் இன்னொரு சொல் டெக்ஸ்சர், தொட்டால் தெரியும் பரப்பின் தன்மை. அதற்கு அகராதியில் 'இழையமைப்பு' உண்டு. லத்தீனில் நெய்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதுவும் வந்தது, டெக்ஸ்ட் என்பதும் வந்தது. நம் 'நூல்' இழைக்கும் புத்தகத்துக்கும் நிற்பதைப் போல. தடவிப் பார்க்கும்போது தெரியும் மேடுபள்ளத்துக்கு மட்டும் நான் 'நெருடல்' என்றே சொல்கிறேன்.

கிளியை நனைத்து, பலகையில் சதுரமாக இழுத்து ஆணி அடித்துக் காயவிட்டேன். முக்கால்வாசி நிமிர்ந்தது.