எப்படிச் சுழற்றினாலும் பகா எண்

புது ஸ்கூட்டருக்கு ஃபேன்சி நம்பர் எடுக்க வேண்டும் என்று அக்கா மகன் வந்து நின்றான். நாகர்கோவில் வண்டி என்பதால் டி.என். 74 என்பதில் அவனுக்கு வேலை இல்லை, கடைசி நான்கு இலக்கம்தான் பேச்சு. கணக்குப் படிக்கிற பையன், ஆசையும் அப்படித்தான் இருந்தது. "முன்னாடி இருந்து வாசிச்சாலும் பின்னாடி இருந்து வாசிச்சாலும் ஒண்ணா இருக்கணும். பகா எண்ணாவும் இருக்கணும், மாமா."

அப்படி ஒன்று கிடையாது மக்கா என்று உடனே சொல்லிவிட்டேன். 7337ஐ எடுத்துக்கொள்வோம். வெளியே இருக்கும் இரண்டு 7களின் மதிப்பு 7007, அதாவது ஏழு 1001. உள்ளே இருக்கும் இரண்டு 3களின் மதிப்பு 330, அதாவது மூன்று 110. 1001 என்பது 91 பதினொன்றுகள், 110 என்பது பத்துப் பதினொன்றுகள். ஆக 7337 பதினொன்றால் வகுபட்டே தீரும். 7, 3 இருந்த இடத்தில் எந்த இலக்கத்தைப் போட்டாலும் இதே கதைதான். காசு கொட்டி வாங்குகிற 7777கூட 7 × 11 × 101தான்.

பையன் விடவில்லை. "சரி, வட்டமாச் சுத்தினா?" என்றான். அது நல்ல கேள்வி. 1193ஐப் பாருங்கள். முதல் இலக்கத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் 1931. மறுபடி செய்தால் 9311, அப்புறம் 3119. நான்குமே பகா எண்கள். இவற்றைச் சுழல் பகா எண்கள் எனலாம். நான்கு இலக்கத்தில் இப்படி இரண்டே குடும்பம்: 1193, 3779.

ஆறு இலக்கத்தில் எத்தனை என்று பார்க்க, அவனே பைத்தானில் ஒரு நிரல் எழுதினான். 1,00,000 முதல் 9,99,999 வரை ஒவ்வொரு எண்ணையும் 2ஆல், 3ஆல், 4ஆல் என்று கடைசிவரை வகுத்துப் பார்க்கும் நிரல். அரை மணி நேரம் கழித்தும் அது ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்தான் சுட்டது.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பார்களே, அதில் கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பு கார்னெட், இரண்டும் தாதுக்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலையில் இவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். (மணல் எடுப்பதைப் பற்றிக் கடலோர ஊர்களில் இருக்கும் சண்டை வேறு கதை.) எடுத்த எடுப்பில் காந்தத்தைக் கொண்டுபோய் வைப்பதில்லை. முதலில் தண்ணீரோடு சுழலவிட்டு, எடை குறைந்த வெறும் மணலைக் கழிப்பார்கள். காந்தமும் மின்சாரமும் மிச்சத்துக்குத்தான்.

நம் தேடலிலும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். சுழற்றும்போது ஒவ்வொரு இலக்கமும் ஒரு தடவை கடைசிக்கு வரும். 0, 2, 4, 6, 8 வந்தால் எண் இரண்டால் வகுபடும், 5 வந்தால் ஐந்தால். ஆக 1, 3, 7, 9 மட்டும்தான் தேறும். ஒன்பது லட்சம் எண்கள் ஒரே அடியில் 4,096 ஆகிவிட்டன. இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபடுகிறவற்றைக் கழித்தால் 2,688. சுழற்றினால் ஒன்றிலிருந்து ஒன்று வருகிறவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்துக் கட்டினால் 456. இதுவரை பகா எண்ணா என்று ஒரு எண்ணைக்கூடக் கேட்கவில்லை!

அப்புறம்தான் லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல்களின் தொகுப்பு. பைத்தானில் சிம்பை என்று இலவசமாகக் கிடைக்கும் கணித லைப்ரரி ஒன்று உண்டு. எண்ணைக் கொடுத்தால் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும். 456 குடும்பங்களையும் கொடுத்தோம். கண் சிமிட்டும் நேரம்தான். தேறியவை இரண்டு: 193939, 199933.

உண்மையைச் சொன்னால், பத்து லட்சத்துக்குள் இவ்வளவு சிக்கனம் தேவையே இல்லை. அதுவரை உள்ள 78,498 பகா எண்களையும் எரட்டோஸ்தனிஸின் பழைய சல்லடை முறையில் லைப்ரரி நொடியில் எடுத்துவிடும். இருபது இலக்கத்துக்குப் போனால்தான் கழித்துக்கட்டியதன் அருமை தெரியும்.

அவ்வளவு பெரிய எண்ணை லைப்ரரி எப்படிச் சோதிக்கிறது? சின்ன எண்களால் வகுத்துப் பார்ப்பது தொடக்கத்தில் மட்டும்தான். அதற்கு மேல் பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விஷயம் கைகொடுக்கிறது. 2 தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த தடவை இரண்டைப் பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. ஏழுக்குப் பாருங்கள்: ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64, ஏழால் வகுத்தால் மீதி 1. ஒன்பதுக்கு: எட்டு இரண்டுகள் 256, மீதி 4. ஒன்பதின் காரணி என்னவென்று தேடாமலேயே அது பகு எண் என்று தெரிந்துவிட்டது. எண் பெரிதானாலும் பயமில்லை. வர்க்கப்படுத்தி, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம். இருபது இலக்க எண்ணுக்கும் அறுபது சொச்சம் படிகள்தான்.

ஆனால் 341 ஏமாற்றிவிடும். அது 11 × 31, இருந்தாலும் மீதி 1 வரும். காந்தத்தில் இல்மனைட்டோடு கார்னெட்டும் ஒட்டிக்கொண்டு வருவது மாதிரி. ஆலையில் அடுத்து மின்சாரத்தைக் காட்டுவார்கள். இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், கார்னெட் கடத்தாது, பிரிந்துவிடும். லைப்ரரியும் அப்படித்தான். ஃபெர்மா சோதனையை இறுக்கிய மில்லர்-ராபின் சோதனை ஒன்று, ஃபிபனாச்சி தொடர் மாதிரியான லூக்காஸ் தொடரை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று. ஒன்றில் தப்பும் எண் மற்றதில் மாட்டுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் முறை 1980இல் வந்தது. இரண்டிலும் தப்பிய பகு எண்ணை இதுவரை யாரும் காட்டியதில்லை. 2இன் 64ஆம் அடுக்குவரை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சரிபார்த்தும் விட்டார்கள். அதற்கு மேலே நிரூபணம் இல்லை, நம்பிக்கைதான்.

199933க்கு அப்புறம் தெரிய வந்திருக்கும் சுழல் பகா எண்கள் எல்லாமே வெறும் ஒன்றுகளால் ஆனவை. முதலாவதில் 19 ஒன்றுகள், அடுத்ததில் 23, அதற்கடுத்து 317. சுழற்றினாலும் மாறாது என்பதால் கொஞ்சம் கள்ளாட்டம் மாதிரிதான் எனக்குப் படுகிறது.

வண்டிக்கு 3779 கேட்டுப் பார்த்தான். வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். "7793 இருக்கு, மாமா. சுத்தினா அதுதானே" என்று போனில் சொன்னான்.