ஜாப் என்றால் ஒரு கட்டி

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகன், போன வாரம் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உம்மென்று இருந்தான். மத்தியானம் மீட்டிங்குக்கு வர முடியாது என்று டீம் லீடுக்கு மெசேஜ் போட்டிருக்கிறான்: "ஐ ஹேவ் எ வொர்க்." பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அந்த 'எ' வரக்கூடாது என்றாராம். ஏன் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"'எ ஜாப்' சரியாம், 'எ வொர்க்' தப்பாம். ரெண்டும் வேலைதானே மாமா?"

ரெண்டும் வேலைதான். ஆனால் ஒன்று சோறு, இன்னொன்று கவளம்.

உலகத்தில் உள்ளவற்றை மொழிகள் இரண்டு விதமாகக் கையாளும். சிலவற்றை எண்ணும், சிலவற்றை அளக்கும். நாற்காலியை எண்ணலாம், தண்ணீரைக் குடம், டம்ளர் என்றுதான் சொல்ல முடியும். தமிழிலும் இது உண்டு. "ரெண்டு சோறு போடு" என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. "ரெண்டு பிடி சோறு" என்றால் சரி. ஆங்கிலம் இந்த வேறுபாட்டைப் பெயர்ச்சொல்லின் நெற்றியிலேயே முத்திரை குத்தி வைத்திருக்கிறது. அளக்கும் சொல் என்றால் முன்னால் 'எ' வராது, பன்மைக்குப் பின்னால் 'எஸ்' வராது. வொர்க் அந்த வகை. ஜாப் எண்ணும் வகை.

எது எந்த வகை என்பதைப் பொருளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நாற்காலி, மேசை, கட்டில் மூன்றையும் தனித்தனியாக எண்ணும் ஆங்கிலம், அவற்றையே 'ஃபர்னிச்சர்' என்று சேர்த்துச் சொன்னதும் எண்ண மறுத்துவிடும். அந்தச் சொல் பொருளை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு.

நம்முடைய 'வேலை' இரண்டு பக்கமும் நிற்கும். "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்றால் அது சோறு. "ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றால் கவளம். அக்கா மகன் தமிழில் நினைத்த அந்த 'ஒரு'தான் ஆங்கிலத்தில் 'எ' என்று வந்து விழுந்திருக்கிறது. பெங்களூரில் இது தமிழர்கள் மட்டும் செய்வதும் இல்லை. கன்னடத்தில் "ஒந்து கெலச இதெ" என்று நினைப்பவருக்கும் அதே 'எ'தான் வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'எ வொர்க்' என்று ஆங்கிலத்தில் சொல்லவே கூடாது என்பதில்லை. ஓவியம், நாவல், இசைக்கோவை போன்ற படைப்பை அப்படிச் சொல்லலாம். இலக்கணப்படி பார்த்தால், தன்னிடம் ஒரு கலைப்படைப்பு இருப்பதாகத்தான் இவன் டீம் லீடுக்குத் தெரிவித்திருக்கிறான்.

சரி, ஜாப் மட்டும் எப்படி எண்ணும் சொல் ஆயிற்று? அது பிறந்ததே அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், 'ஜாப் ஆஃப் வொர்க்' என்ற தொடரில்தான் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. பொருள், வேலையில் ஒரு துண்டு. கட்டி, உருண்டை என்று பொருள்படும் 'காப்' என்ற பழைய சொல்லின் திரிபாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இது இப்போது பெரிதும் புழங்கும் தாழ்ந்த சொல், இதன் மூலம் எனக்குத் தெரியவில்லை என்று எழுதி, சில்லறை வேலை என்று பொருள் கொடுத்தார். மாதச் சம்பளத்தோடு கூடிய நிரந்தர உத்தியோகம் என்ற அர்த்தம் அதற்கு 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பேச்சில் "பையனுக்கு நல்ல ஜாப்" என்று நாம் பெருமையாகச் சொல்வது ஜான்சன் காதில் விழுந்திருந்தால் பெண் கொடுக்க யோசித்திருப்பார்.

ஜான்சன் காலத்து அர்த்தம் செத்துப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பெங்களூரிலேயே அதை உயிரோடு பார்க்கலாம், பீன்யா தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பார்க்கப் போனால், "ஜாப் வொர்க்தான் பண்றோம்" என்பார். அதாவது, பெரிய கம்பெனி இரும்பைக் கொடுக்கும். இவர் கடைந்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். 2017ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டத்திலும் 'ஜாப் வொர்க்' உண்டு: பதிவுபெற்ற இன்னொருவருக்குச் சொந்தமான சரக்கின் மேல் ஒருவர் செய்து கொடுக்கும் வேலை. பெரிய வேலையிலிருந்து பிய்த்துக் கொடுத்த ஒரு துண்டு.

பட்டறைக்குள் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். லேத்தில் நிற்கும் பையனிடம் நண்பர், "அந்த ஜாபைக் கழட்டிட்டு அடுத்த ஜாபை சக்குல மாட்டு" என்றார். பையன், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சக்கின் சாவியைத் திருகி, எண்ணெய் வழியும் ஒரு இரும்பு உருளையை எடுத்துத் தட்டில் வைத்தான். அந்த உருளைதான் ஜாப்! கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்கலாம், சூடாக இருந்தது. கட்டி என்ற பொருளில் தொடங்கிய சொல்லோ இல்லையோ, பீன்யாவில் அது மறுபடியும் கட்டியாகிவிட்டது.

வொர்க்கின் கதை வேறு. அதற்கு மிகப் பெரிய குடும்பம். கிரேக்க மொழியில் 'எர்கான்' என்பது அதன் பங்காளி. எனர்ஜி, சர்ஜரி இரண்டும் அந்தக் கிளை. சர்ஜரி என்றால் கைவேலை என்றுதான் நேர்ப்பொருள். ஜார்ஜ் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. மண்ணில் வேலை செய்பவர், அதாவது உழவர். சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு உழவர் பெயர் வைத்திருக்கிறோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அப்புறம் ஆக்குபேஷன். நமக்கு இந்தச் சொல் படிவங்களில்தான் அறிமுகம். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் நடைபாதையில் பூ விற்கும் அக்கா ஒருவர், வங்கிப் படிவத்தை நீட்டி, "தம்பி, இந்தக் கட்டத்துல என்ன போடணும்?" என்று கேட்டார். பூ வியாபாரம் என்று எழுத இடமில்லை. கொடுத்திருந்த சில கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

லத்தீனில் 'ஒக்குபாரே' என்றால் பிடித்துக்கொள்வது. ஒரு நாட்டை இன்னொரு நாட்டுப் படை பிடித்துக்கொண்டாலும் ஆங்கிலத்தில் ஆக்குபேஷன்தான். விமானக் கழிப்பறைக் கதவில் சிவப்பாகத் தெரியும் 'ஆக்குபைட்'டும் இந்தக் குடும்பம்தான். நம் நேரத்தைப் பிடித்துக்கொண்டு விடாதது எதுவோ அது ஆக்குபேஷன். விடிகாலை நாலு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப்பூ எடுப்பதில் தொடங்கி, ராத்திரி நடை சாத்தும்வரை அக்காவின் நாள் முழுவதையும் பூதான் பிடித்து வைத்திருக்கிறது.

புள்ளிவிவரக்காரர்கள் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில், ஜாப் என்பது ஒரு ஆள் செய்யும் பணிகளின் தொகுப்பு. ஒரே மாதிரியான ஜாப்கள் பல சேர்ந்தால் ஆக்குபேஷன். கம்பெனி மாறினால் ஜாப் மாறும், ஆக்குபேஷன் மாறாது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடும் இந்த அடித்தளத்தில் எழுந்ததே. அந்தச் சர்வதேசப் பட்டியலில் தெருவில் தின்பண்டம் விற்பவருக்குக் குறியீட்டு எண் 5212. தெருவில் வேறு பொருள் விற்பவருக்கு 9520. அக்காவும் அவருக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுபவரும் ஒரே மரத்து நிழலில்தான் நிற்கிறார்கள். ஆனால் பஜ்ஜி விற்பனைப் பணியாளர் பிரிவில், பூ அடிமட்ட வேலைகள் பிரிவில். இது எனக்கு ஒப்பவில்லை. நாலு விரலால் முல்லைச் சரம் தொடுத்துப் பார்த்தவர் யாரும் அதை அடிமட்ட வேலை என்று சொல்லமாட்டார்.

வீட்டிலிருந்து அந்தச் சரத்தைக் கட்டித் தருவது அக்காவின் மருமகள், சம்பளம் எதுவும் இல்லை. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விளக்கப்படி அது வேலை. ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செய்தால் அவர் முதன்மைத் தொழிலாளர். அதே கை எழுந்துபோய் வீட்டுக்கு உலை வைத்தால், அது கணக்கில் வராது.

புரொஃபஷன் என்பது முதலில் எல்லோரும் அறியச் சொல்வது. மடத்தில் சேர்பவர் எடுக்கும் சபதம். அங்கிருந்து இறையியல், சட்டம், மருத்துவம் என்ற மூன்று படிப்பாளித் தொழில்களுக்குப் பெயராகி, இன்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. கரியர் என்பது குதிரையும் வண்டியும் ஓடும் பாதை. இதைப் பலர் 'கேரியர்' என்று எழுதுவதைப் பார்த்து நானும் சிரித்ததுண்டு. ஆனால் டிபன் கேரியரும் வாழ்க்கைக் கரியரும் வண்டி என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதான். சிரித்தது தப்பு.

அக்காவின் படிவத்துக்கு வருகிறேன். 'செல்ஃப் எம்ப்ளாய்ட்' கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'பிசினஸ்' என்று மாற்றினார். பழைய ஆங்கிலத்தில் பிசினஸ் என்றால் கவலை என்றும் பொருள். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.