அங்கன்வாடியில் உங்கள் பிள்ளையின் ஒரு நாள்: கேட்டு வாங்க வேண்டியவை

“ரேஷன் கார்டு உங்க ஊர்லதானே இருக்கு? அங்கயே சேர்த்துக்கங்கம்மா.” கட்டட வேலைக்காக எங்கள் பகுதிக்கு வந்த ஒரு தாயை அங்கன்வாடியில் இந்த ஒரே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய மூன்று வயது மகள் அடுத்த இரண்டு மாதமும் ஜல்லிக் குவியலுக்கும் கலவை மெஷினுக்கும் நடுவில்தான் இருந்தாள். அந்தப் பதிலுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இப்படி ஏமாந்து போகிறவர்களைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்பது சட்டப்படியான உரிமை. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

சேர்க்கையிலேயே தடங்கல் தொடங்கிவிடுகிறது. வறுமைக்கோட்டைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது. அதனால் வருமானச் சான்று, சாதிச் சான்று என்று அலைய வேண்டாம். குழந்தைக்கு ஆதார் இல்லை என்பதும் காரணமாகாது. தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம் என்று மத்திய அமைச்சகமே 2022இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. வேறு ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால், அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் இங்கே மாற்றிக்கொள்ள வழி உண்டு. “கம்ப்யூட்டர் ஏத்துக்கல” என்றால், மாற்றிப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டியது செல்போன் எண்ணில். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு இப்போது முகப் பதிவு கேட்கிறார்கள். அதைச் செய்யும்போது ஓடிபி ஆதாரில் இணைத்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் கார்டு எப்போதோ தொலைந்திருக்கும், இல்லையென்றால் கணவரோடு வெளியூரில் இருக்கும். மாவு வாங்கப் போகும் நாளுக்கு முன்பே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டு மாதக் கணக்கில் மாவு இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளையை மையத்தில் விடலாம். “துணியிலேயே போற பிள்ளையைக் கூட்டிட்டு வராதீங்க” என்று சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது விதியல்ல. மாற்றுத்துணி இரண்டு கொடுத்தனுப்புங்கள், ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வராதீர்கள்.

காலையில் பாட்டு, கதை, வண்ணம், விளையாட்டு என்று முன்பருவக் கல்வி நடக்க வேண்டும். இதற்கென்று மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்துப் பாடத்திட்டமும் விளையாட்டுப் பொருள் பெட்டியும் இருக்கின்றன. பல மையங்களில் அந்தப் பெட்டி பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது. உடைந்தால் ஆடிட்டில் கேட்பார்களே என்ற பயம்தான் காரணம். பெற்றோர் இரண்டு பேர் சேர்ந்து போய், “பெட்டியைத் திறந்து கொடுங்க டீச்சர், உடைஞ்சா நாங்க எழுதித் தர்றோம்” என்று சொன்னதும் திறந்த மையத்தை எனக்குத் தெரியும்.

மதியம் சூடான சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் முட்டை, ஒரு நாள் பயறு அல்லது கொண்டைக்கடலை, ஒரு நாள் உருளைக்கிழங்கு. 2013இல் சட்டம் வந்தபோது, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று அதன் அட்டவணையே சொன்னது. எடை மிகக் குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் உணவு. ஆகவே மாதாமாதம் எடை பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எடை எடுக்காமலே போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டால், கூடுதல் உணவு கிடைக்க வேண்டிய பிள்ளை கணக்கில் நன்றாக இருப்பதாகிவிடும். இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் திட்டத்தில் இல்லை என்பேன்.

பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மையங்களில் ஒரு குழப்பம் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. அக்கா பள்ளியில் சாப்பிடுகிறாள் என்று அங்கன்வாடிக்குப் போகும் தம்பியையும் பட்டினியாக அனுப்பிவிடாதீர்கள்.

சாப்பாடு முடிந்த கையோடு “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று போன் வருகிறதா? பிள்ளை தூங்கி எழுந்து மாலையில்தான் வீடு திரும்ப வேண்டும். பணியாளர் சொந்த வசதிக்காக அனுப்புகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். காலிப் பணியிடங்களால் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அதோடு செயலியில் பதிவு, கணக்கெடுப்பு, கூட்டம். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆள் போட வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

மேலே என்றால் முதலில் வட்டார மேற்பார்வையாளர், அடுத்து குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், பிறகு மாவட்டத் திட்ட அலுவலர். இங்கேதான் பந்தாடுவார்கள். ஒருவர் “மீட்டிங்”, இன்னொருவர் “லீவு”, மூன்றாமவர் “வாய்மொழியா சொல்லிட்டேன், போங்க.” வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் ஆதாரம் இருக்காது. ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள்: மையத்தின் பெயர், பிள்ளையின் வயது, எந்தத் தேதியில் எதை மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். முதலமைச்சரின் உதவி எண்ணான 1100க்கும் போன் செய்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். “தீர்வு காணப்பட்டது” என்று செய்தி வந்து, உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மறுபடி பதியுங்கள்.

பக்கத்தில் மையமே இல்லாத செங்கல் சூளை, குடிசைப் பகுதி என்றால், ஆறு வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தாலே மையம் கேட்கலாம். கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. பிள்ளைகளின் பெயர், வயதோடு பட்டியலை மனுவில் இணைத்துவிடுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் “சர்வே எடுக்கணும்” என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்கள்.

அந்தக் கட்டடத் தொழிலாளியின் மகளுக்கும் இப்படித்தான் மனு கொடுத்தோம். முத்திரை வாங்கிய ஒன்பதாம் நாள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை.