முதுமையில் குறையும் எடை: கொழுப்பா, தசையா?

சர்க்கரை நோய் என்றாலே முதல் அறிவுரை, ‘எடையைக் குறையுங்கள்’. நாற்பது வயதில், உடல் பருமனும் இருந்தால், அது பெரும்பாலும் சரிதான். எழுபதைத் தாண்டியவரிடமும் யோசிக்காமல் அதையே சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. மூன்று கிலோ இறங்கியதும் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். போனது கொழுப்பா தசையா என்று எடை மெஷின் சொல்லாது.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைகள்தான். தசைச் செல்லின் உள்ளே குளுட்-4 என்ற புரதம் ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து செல்லைத் தொட்டதும் அது மேல்சவ்வுக்கு நகர்ந்து, குளுக்கோஸ் நுழைய வழிவிடும். பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலினின் இந்தச் சொல் சரியாக எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தயவில்லாமலே குளுட்-4 மேலே வருகிறது! மாடிப்படி ஏறினாலும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலும் இது நடக்கும். அப்படியானால் தசை கரையக் கரைய, சர்க்கரை போய்ச் சேரும் இடமும் சுருங்குகிறது.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடும், சர்க்கரை நோய் அதை இன்னும் முடுக்கும். போதாக்குறைக்கு, இளைஞரின் உடல் 20 கிராம் புரதத்தில் கட்டும் தசையை முதியவரின் உடல் அதே அளவில் கட்டுவதில்லை. அதனால்தான் முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். சர்க்கரைக்குப் பயந்து மாவுச்சத்தோடு பாலையும் பருப்பையும் சேர்த்தே குறைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. பல் பிரச்சினை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தரும் பசியின்மை எல்லாம் வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

சரி, உடல் பருமன் உள்ள முதியவர் எடை குறைக்கவே கூடாதா? குறைக்கலாம், தசைப்பயிற்சியோடு. 65 வயதைக் கடந்த, பருமனான 160 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. உணவைக் குறைத்துப் பயிற்சியும் செய்த குழுக்களில் எடை இறங்கியது ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 9 சதவீதம். ஆனால் நடைபோன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடையில் (தசை, எலும்பு போன்றவை) 5 சதவீதம் போனது. பளு தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான்.

முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு குறைந்தும் இன்சுலினோ இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து தலைசுற்றிக் கீழே விழ நேரிடும். அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். எடை இறங்கிய விஷயம் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.